தேயிலைத் தூளில் வெள்ளை

எனக்குச் சந்தோஷம் வந்தால் அடக்கத் தெரியாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் சத்தம் போட்டுவிடுவேன், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன், கேட்காதவர்களையும் பிடித்து வைத்துக் கதை சொல்லுவேன். இந்தக் குணத்தால் பட்டது கொஞ்சமல்ல. ஆனாலும் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் எனக்கு வந்த சந்தோஷம் மாதிரி அதற்குப் பிறகு ஒன்று வரவேயில்லை. அதைக் கொடுத்தது ஒரு பல்லி, பின்பக்கமாக.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாய் கழுவுவது, அமிலப் போத்தல்களை நிரப்பி அடுக்குவது, பிள்ளைகள் உடைத்ததைப் பொறுக்குவது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அவ்வளவோடு நிற்கவில்லை. பாடம் நடக்கும்போது பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். பிள்ளைகள் போன பிறகு மிச்சமிருக்கிற அமிலத்தில் அதே பரிசோதனையை நானும் செய்து பார்ப்பேன்.

அம்மாவும் அப்பாவும் இல்லை. இருந்தது அக்கா மட்டும்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவள். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். காய்ந்து வரும் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறையில் உட்கார்ந்து குச்சியும் நாரும் பொறுக்குகிற வேலை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே அறையான காம்பரா அவள் பெயரில் இருந்தது. தோட்டத்துப் பதிவில் பேர் இருக்கிறவரைக்கும்தான் காம்பரா. பேரை வெட்டினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டிறங்கி லயத்துக்குப் போனபோது அக்கா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பகல் மூன்று மணிக்கு அடுப்பு எரியாத எங்கள் காம்பராவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு என்னா கேடு. திங்கக்கெழம ஒம்பது மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. பத்துச்சீட்டு குடுக்கப் போறாங்களாம்."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லும் கடிதம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன நடந்தது என்று அவள் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நடந்தது இதுதான். எங்கள் தோட்டத்துத் தூளில் வெள்ளைத் துணுக்குகள் கிடக்கின்றன என்று கொழும்பிலிருந்து புகார் வந்திருக்கிறது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். துணுக்குகள் இருந்தன. அரிசிக் குறுணையில் பாதி அளவு, தூய வெள்ளை. அவருக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. வெற்றிலை போடுகிற பெண்கள், சுண்ணாம்பு சிந்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பொறுக்குகிற பெண்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து இடுப்பைச் சோதித்தார்கள். அக்கா இடுப்பில் சுண்ணாம்பு டப்பா இருந்தது.

உள்ளே வெற்றிலை போடக் கூடாது என்று கட்டளை. எல்லாப் பெண்களும் போடுவார்கள், எல்லாரும் அன்று டப்பாவைக் காம்பராவிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். சோதனை வரப்போகிறது என்று காதில் விழுந்திருக்கிறது. என் அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"டப்பா இருந்திச்சு, வாஸ்தவந்தான். வெளிய போயி மெல்றதுக்குத்தான் வச்சிருந்தேன். தூளுகிட்ட நான் டப்பாவத் தொறந்ததே கெடையாது."

"நெசமாவா?"

"நான் போடல," என்றாள் அக்கா. ஒருமுறைதான் சொன்னாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் விரித்தாள். ஒரு கை தேயிலைத் தூள், அதற்குள் அங்கங்கே வெள்ளை. வெளியே வரும்போது அள்ளி முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். தூளை வெளியே கொண்டு போவதும் குற்றம்தான். முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ.

"நீ அந்தப் போத்தலு, குழா எல்லாம் வச்சிக்கிட்டு என்னமோ பாப்பியே. இது என்னான்னு பாரு."

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அக்காவின் பிழைப்பு போகிற நேரத்தில் பரபரப்பு என்று சொல்வது தப்புத்தான். ஆனால் உண்மை அதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் ஒரு பொருளைக் கொடுத்து இது என்ன என்று கேட்கிறார். அதுவரைக்கும் நான் பார்த்ததெல்லாம் விடை தெரிந்த பரிசோதனைகள். தூளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மூலையில் இருந்த சுண்ணாம்புக் கலயத்திலிருந்தும் காய்ந்த சுண்ணாம்பு கொஞ்சம் சுரண்டி இன்னொரு பொட்டலத்தில் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பினேன். வேதியியல் டீச்சர் பள்ளி விடுதியிலேயே தங்கியிருந்தார். கண்டிப்பானவர். ஞாயிற்றுக்கிழமை சாவி தரமாட்டார் என்றுதான் நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சாவியை நீட்டினார். "ஸ்பிரிட் விளக்கை அணைக்காமல் வெளியே வராதே," என்று மட்டும் சொன்னார்.

ஊசியால் துணுக்குகளைப் பொறுக்கினேன். இருபதுக்குக் குறையாமல் தேறியது. முதலில் வீட்டுச் சுண்ணாம்பின் மேல் ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். வெற்றிலைச் சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் காய்ந்தால் பாதி சோக்குக்கட்டி மாதிரி ஆகிவிடும், அமிலம் பட்டதும் பொங்கும். பொங்கியது. அடுத்து அக்கா கொண்டுவந்த துணுக்கின் மேல் ஒரு சொட்டு விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னொரு துணுக்கு. அதுவும் கம்மென்று கிடந்தது. சுண்ணாம்பு இல்லை! என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

ஆனால் டீமேக்கரை எனக்குத் தெரியும். சுண்ணாம்பு இல்லையென்றால் மாவு என்பார். மாவும் இல்லையென்றால் வேறு ஏதோ என்பார். ஏதோ ஒன்றைக் கொட்டியவள் அக்காதான் என்பதை மட்டும் விடமாட்டார். அது என்ன என்று பேர் சொன்னால்தான் அக்கா தப்புவாள்.

ஒரு துணுக்கைக் கரண்டியில் வைத்து விளக்கில் காட்டினேன். சுண்ணாம்பாக இருந்திருந்தால் என்ன சூடு காட்டினாலும் வெள்ளையாகவே இருந்திருக்கும். இது கறுத்தது, புகைந்தது, தலைமயிர் பொசுங்கினால் வருமே அந்த நாற்றம் அடித்தது. மயிரும் நகமும் இறகும் எரிந்தால் அப்படி நாறும். ஆக, இது மண்ணிலிருந்து வந்த பொருள் இல்லை, உயிருள்ள ஒன்றிலிருந்து வந்தது!

பூதக்கண்ணாடியை எடுத்தேன். சில துணுக்குகளின் ஒரு முனையில் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. தேயிலைத் தூள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அதற்குள் ஒரு மெல்லிய கால் நீட்டிக்கொண்டிருந்தது. பூச்சிக் கால். பக்கத்தில் இறக்கைத் துண்டு. கறுப்பாக ஒரு கட்டி, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. இதை நான் எங்கே பார்த்தேன்? எங்கே பார்க்கவில்லை! ஜன்னல் கட்டையில், சாமி படத்துக்குப் பின்னால், சுவர் மூலையில், பிறந்ததிலிருந்து தினமும் பெருக்கித் தள்ளியதுதானே.

பல்லி எச்சம்!

தேயிலைத் தூளில் விழுந்தால் கறுப்புப் பக்கம் தூளோடு தூளாகிவிடும். உடைந்த வெள்ளை நுனி மட்டும் கண்ணில் படும். அதனால்தான் கொழும்பிலும் சரி, எங்கள் தோட்டத்திலும் சரி, ஒருவருக்கும் தெரியவில்லை. தனியாகச் சிரித்தேன்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது போதாது. பல்லிக்கு நம்மைப் போல் தண்ணீரைச் செலவழித்து மூத்திரம் போகக் கட்டுப்படியாகாது. உடம்பில் கழிகிற நைதரசனை எல்லாம் சேர்த்து யூரிக் அமிலமாக்கி, பளிங்காக உறையவைத்து, வெள்ளையாக வெளியே தள்ளிவிடும். பறவையும் அப்படித்தான். யூரிக் அமிலத்தைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு, மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட நானே கிண்ணம் கழுவி வைத்திருக்கிறேன். துணுக்கைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, நைத்திரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, கொதிநீரின் மேல் வைத்து மெல்ல வற்ற விட வேண்டும். அவசரத்தில் இரண்டு விரலில் அமிலத்தைச் சிந்திக்கொண்டேன், தோல் மஞ்சளாகிவிட்டது. கிண்ணத்தில் செம்மஞ்சளாக ஒரு படலம் மிஞ்சியது. அதன் மேல் அமோனியா ஒரு சொட்டு.

ஊதா! கத்தரிப்பூ ஊதா, சிவப்பு கலந்த ஊதா. கிண்ணம் முழுக்கப் பரவியது. நான் போட்ட கத்தலில் விடுதியிலிருந்து டீச்சரே ஓடி வந்துவிட்டார், ஏதோ வெடித்துவிட்டது என்று.

மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இது எதற்குள் கிடந்தது?"

"தேயிலைத் தூளில், டீச்சர்."

"தேயிலையில் கஃபீன் இருக்கிறது. கஃபீனும் இந்தப் பரிசோதனைக்கு ஊதா கொடுக்கும். நீ பார்த்தது பல்லியா, தேயிலையா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கஃபீனும் யூரிக் அமிலமும் ஒரே குடும்பமாம். இரண்டுக்கும் அடியில் இருக்கிற எலும்புக்கூடு ஒன்றுதான். யூரிக் அமிலத்தில் காபன் ஐந்து, ஐதரசன் நாலு, நைதரசன் நாலு, ஒட்சிசன் மூன்று. மீன் செதிலுக்குப் பளபளப்பைக் கொடுக்கும் குவானின் இன்னொரு பங்காளி, அதில் காபன், ஐதரசன், நைதரசன் மூன்றும் ஐந்து ஐந்து, ஒட்சிசன் மட்டும் ஒன்று. டீச்சர் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினார். அழுகைக்கு நடுவிலும் எனக்குப் புல்லரித்தது. காலையில் நம்மை எழுப்புகிற தேத்தண்ணியும் பல்லியின் கழிவும் மீனின் மினுக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா! இதைச் சொன்னால் லயத்தில் யார் நம்புவார்கள்?

"இரண்டையும் எப்படிப் பிரிப்பாய்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் போய்விட்டார். விடையைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மூளையும் வேலை செய்தது. தேத்தண்ணி போடுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது? தேயிலையின் சாரம் வெந்நீரில் இறங்கும், இறங்குவதால்தானே அதைக் குடிக்கிறோம். யூரிக் அமிலம் தண்ணீரில் இலேசில் கரையாது, கரையாததால்தானே பல்லி அதைப் பளிங்காகப் போடுகிறது!

துணுக்குகளைக் கொதிநீரில் போட்டு அலசினேன். அந்த நீரை வடித்து வைத்துவிட்டு மறுபடி கொதிநீர், மறுபடி. ஒவ்வொரு முறையும் வடித்த நீரில் ஒரு சொட்டு எடுத்து வற்ற வைத்து அதே பரிசோதனை செய்தேன். முதல் நீரில் இலேசாக ஊதா வந்தது, டீச்சர் சொன்னது சரிதான். நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஒன்றும் வரவில்லை. தேயிலை போய்விட்டது. வெள்ளை மட்டும் அடியில் கரையாமல் கிடந்தது. அதை எடுத்து நைத்திரிக் அமிலம் விட்டு, வற்ற வைத்து, அமோனியா விட்டேன்.

ஊதா! முன்பைவிட அழுத்தமான ஊதா! இந்த முறை நான் கத்தவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் டீச்சர் கொடுத்தனுப்பிய விளக்கும் கிண்ணமும் மூன்று சிறிய போத்தல்களும் பூதக்கண்ணாடியும் மடியில். தலவாக்கலையில் ஒருவர் மேலே சாயப் பார்த்தார், "அண்ணே, அமிலம்!" என்றேன், அவர் கடைசி இருக்கைக்கே போய்விட்டார்.

அக்காவோடு ஆபீசுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"அக்கா, நீ ஒக்காந்து பொறுக்குற எடத்துக்கு மேல என்னா இருக்கு?"

"உத்தரம். ஏன்?"

"அதுல பல்லி இருக்கா?"

"நெறைய இருக்கு. தேயில காயிற சூடு அங்கதானே வருது, ஊரு குளுருக்குப் பூரா அங்கதான் வந்து ஒட்டிக்கிட்டிருக்கும். வெரட்டக் கூடாது, தொடக் கூடாது, உத்தரத்தத் தொடைக்கக் கூடாதுன்னு டீமேக்கரய்யா கட்டள. பல்லி சொல்லுன்னா அவருக்கு அவ்வளவு நம்பிக்க. காலையில பல்லி கத்தாம மொதப் பெட்டியில தூளு போட விடமாட்டாரு. வேலய நிப்பாட்டிட்டு எல்லாரும் உத்தரத்தப் பாத்துக்கிட்டு நிப்போம்."

நான் நடுவழியில் நின்று கைதட்டினேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். இங்கே பல்லி விழவில்லை, டீமேக்கர் விழப்போகிறார்.

ஆபீசில் தோட்டத்து நிர்வாகி துரை மேசைக்குப் பின்னால், டீமேக்கர் பக்கத்தில். வெள்ளைக்காரத் துரை, தோட்டத்துத் தமிழ் பேசுவார். மேசையில் அக்காவின் சுண்ணாம்பு டப்பாவும் எழுதித் தயாராக வைத்த பத்துச்சீட்டும் இருந்தன. நான் ஒரு காகிதத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலம் அப்படியே மறந்துபோயிற்று.

"தொரைங்களே, அது சுண்ணாம்பு இல்லீங்க. நான் காட்றேனுங்க."

"இவ யாரு?" என்றார் துரை.

"தங்கச்சிங்க. போத்தலு கழுவுற புள்ள," என்றார் டீமேக்கர். அந்தப் பேச்சுக்காகவே அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

டப்பாவிலிருந்த சுண்ணாம்பின் மேல் அமிலம் விட்டேன், பொங்கியது. பெட்டியிலிருந்து அவர்களே எடுத்து வைத்திருந்த துணுக்கின் மேல் விட்டேன், பொங்கவில்லை. துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கரண்டியில் வைத்து எரித்தேன். நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துப் பூச்சிக் காலைக் காட்டினேன். கடைசியாக ஒரு துணுக்கைக் கொதிநீரில் நன்றாக அலசி, அமிலம் விட்டு வற்ற வைத்தேன். அமோனியா விட்டதும் ஊதா வந்தது. துரை சின்னப் பிள்ளை மாதிரி "ஓ!" என்றார்.

"என்ன இது?"

"லிஸார்ட், சார்," என்றேன். ஆங்கிலம் கடைசியில் கைகொடுத்தது. "சுத்தி உள்ளவங்க யாரும் கொட்டலீங்க. உத்தரத்துல இருந்து விழுதுங்க. உத்தரத்தத் தொடைக்க விடுறதில்லீங்க."

துரை டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் உத்தரமே இல்லாத அந்த ஆபீஸ் கூரையைப் பார்த்தார். துரைக்குச் சிரிப்பு வந்தது, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்தினார்.

"இன்னிக்குக் காலையில நான் குடிச்ச தேத்தண்ணி?"

"அதே தூளுதானுங்க," என்றார் டீமேக்கர், தரையைப் பார்த்து.

பத்துச்சீட்டு இரண்டாகக் கிழிந்தது. டப்பாவைத் துரையே அக்காவிடம் நீட்டினார். அன்றைக்கே உத்தரத்தைத் துடைக்க வேண்டும், அதுவும் டீமேக்கர் ஏணிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு ஆடவேண்டும் போல் இருந்தது.

லயத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் நான்தான் பேசினேன். கஃபீன் வந்து கெடுத்தது, வெந்நீர் விட்டு அலசியது, ஊதா வந்தது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்த உற்சாகத்தில் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

"மொதல்ல நம்ம கலயத்துச் சுண்ணாம்புலதான் அமிலம் விட்டேன். குபுகுபுன்னு பொங்கிச்சு. அப்பறம் நீ கொண்டாந்தது. எனக்கு மூச்சே நின்னு போச்சுக்கா, எங்க அதுவும் பொங்கிருமோன்னு. பொங்கல! அப்பத்தான் எனக்கு உசுரே வந்திச்சு."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"கலயத்துல எப்ப எடுத்த?"

"நீ தண்ணி புடிக்கப் போனப்ப. ரெண்டும் ஒண்ணான்னு ஒத்துப் பாக்கணுமில்ல."

"எனக்குத் தெரியாம எடுத்தியா?"

நான் விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் போடலன்னு சொன்னேனே," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "தொரைக்கு ருசு வேணும். டீமேக்கருக்கு வேணும். ஒனக்குமா புள்ள?"

லயத்துக்கு வந்ததும் அடுப்பை மூட்ட உட்கார்ந்தாள்.